கையில் கட்டிய அலாய் வீல்

இணையக் கடைகளில் ‘கார் வீல் வாட்ச்’ என்று தேடினால் பக்கம் பக்கமாக ஒரே வகைக் கைக்கடிகாரம் வந்து நிற்கும். டயல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அலாய் வீல். அதன் ஆரங்களுக்குப் பின்னால் துளையிட்ட பிரேக் டிஸ்க். அந்த டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு சிவப்பு நிறத்தில் ஒரு காலிப்பர், அதாவது பிரேக் பிடிக்கும் கவ்வி. கையை ஓர் உதறு உதறினால் வீல் மட்டும் சுழலும், காலிப்பர் அசையாமல் நிற்கும். பென்ஸ், ஆடி, போர்ஷே, நிசான் என்று எந்தச் சின்னம் வேண்டுமானாலும் அதில் கிடைக்கிறது. அந்தச் சின்னங்களுக்கு உரிய நிறுவனங்களுக்கும் இந்தக் கடிகாரங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்க முடியாது என்பது விலையைப் பார்த்தாலே விளங்கிவிடும். பிஎம்டபிள்யூ சின்னத்தைப் போன்ற ஒன்று பொறிக்கப்பட்ட கடிகாரத்தை 800 ரூபாய்க்கும் குறைவாக வாங்கி, கோடையிலும் மழையிலும் கட்டிப் பார்த்துவிட்டேன். கடிகாரப் பிரியர்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாங்குகிறவர்களோ ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு தரப்பும் கவனிக்காமல் விட்ட சில விஷயங்கள் இதில் இருக்கின்றன.

முதலில் அந்த வீல். 42 மில்லிமீட்டர் அகலமுள்ள கூட்டில் முக்கால் பங்கு இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஐந்து இரட்டை ஆரங்கள், ஒவ்வோர் இரட்டைக்கும் நடுவே மெல்லிய பள்ளம், ஆரங்கள் விளிம்பைத் தொடும் இடத்தில் சற்றே வெளிப்புறம் வளைந்து இறங்கும் சரிவு என, அச்சில் வார்த்த ஒரு மலிவான தகடு என்று சொல்ல முடியாத அளவுக்கு அதில் வேலைப்பாடு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆரங்களின் ஓரங்களில் பிசிறும், முலாமின் அடியில் சிறு குமிழ்களும் தெரிகின்றன. ஆனால் கையில் கட்டிய கடிகாரத்தை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும், வீலுக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை உற்றுப் பார்த்தவர் என்பது நிச்சயம். காரில் வீலும் டிஸ்க்கும் சேர்ந்து சுழலும், காலிப்பர் மட்டும் சக்கரத்தைத் தாங்கும் சுழலாத பகுதியோடு பிணைந்து நிற்கும். கடிகாரத்தில் டிஸ்க் சுழலவில்லை, அடியில் ஒட்டிய அச்சுப்படமாகவே இருக்கிறது. ஆயினும் துளைகள் மிகச் சிறியவை என்பதால், ஆரங்கள் மேலே ஓடும்போது டிஸ்க்கும் சேர்ந்து ஓடுவது போலவே கண்ணுக்குத் தோன்றுகிறது. காலிப்பரின் நிறத்தில்தான் இடறியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவின் எம் ஸ்போர்ட் பிரேக்குகளுக்கு நீலக் காலிப்பர்தான் நெடுநாள் அடையாளம். சிவப்பு பின்னால் வந்த விருப்பத் தேர்வு. ஒரே சிவப்புக் காலிப்பரை எல்லாச் சின்னங்களுக்கும் பொதுவாக வைத்து, மேலே பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் என்பது இந்த ஓரிடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த வீலைக் கடிகாரத்தின் இயந்திரம் சுழற்றவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதைப் போலச் செல்லில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது; அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்; அந்தத் துடிப்பு ஒரு நுண்ணிய மோட்டாரை அரைச் சுற்று நகர்த்தும். பிரெஞ்சுப் பொறியாளர் மரியூஸ் லவே 1936 இல் வகுத்த இந்த மோட்டார் அமைப்பு, பொத்தான் அளவுள்ள ஒரு செல்லை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியிருப்பதால், முட்களைத் தள்ளுவதற்குப் போதுமான விசைக்கு மேல் எதையும் தருவதில்லை. ஒரு கனமான உலோக வீலை அதன் தலையில் ஏற்றினால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே முட்களின் அச்சைச் சுற்றி ஒரு தனிக் குழாயை நிறுத்தி, அதன்மேல் வீலைச் சுதந்திரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். வீலின் எடை எல்லாப் பக்கமும் சரிசமமாக இருந்திருந்தால், மணிக்கட்டைத் திருப்பும்போது மட்டுமே அது சுழலும். முன்னும் பின்னும் நகரும் அசைவுக்கு அசையாது. என்னிடம் உள்ளதில் ஓர் ஆரத்தின் பின்புறம் சற்றே தடித்திருப்பதால், கடிகாரத்தைச் செங்குத்தாகப் பிடித்தால் அந்த ஆரம் மெல்ல இறங்கி ஆறு மணிப் பக்கம் வந்து நிற்கிறது. இது தயாரிப்பில் நேர்ந்த பிசகா, வேண்டுமென்றே செய்ததா என்பதைவிட, அதன் விளைவு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் ஒருபக்கம் கனத்த அரைவட்டத் தகடு ஒன்று கையசைவுக்கு ஏற்பச் சுழன்று சுருள்வில்லை முறுக்கும் அல்லவா, இங்கும் அதே இயற்பியல்தான். என்ன, இந்தச் சுழற்சி எதையும் முறுக்குவதில்லை, முழுக்க முழுக்க வேடிக்கை.

நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் இந்தக் கடிகாரத்தின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பேருந்து நிற்கிறது, வீல் ஓடத் தொடங்குகிறது. 2000 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், வண்டி நின்ற பிறகும் சுழன்றுகொண்டே இருக்கும் ஸ்பின்னர் வீல்களைக் கார்களில் பொருத்தும் மோகம் ஒன்று இருந்தது. அந்த ஆடம்பரம் கோவையின் பேருந்தில் எனக்கு எண்ணூறு ரூபாய்க்குள் கிடைத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு நம் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு மீண்டும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அக்காள் மகனிடம் காட்டிய அன்று, “மாமா, இன்னும் ஒரே ஒரு தடவை சுத்துங்க மாமா” என்று அவன் கேட்டுக் கேட்டு, இரவு உணவு ஆறிப்போனது. ஆனால் அமைதியான அறையில், குறிப்பாக அலுவலகக் கூட்டத்தில், வீல் உரசும் மெல்லிய கிரீச் ஒலி எதிரே இருப்பவருக்கும் கேட்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி மணி பார்க்கும் வேலைக்கு வருவோம், அதில்தான் இந்தக் கடிகாரம் தோற்கிறது. இரண்டு முட்கள் மட்டுமே உண்டு. இரண்டும் வீலின் அதே வெள்ளி நிறத்தில், அதே பளபளப்பில், ஏறத்தாழ ஓர் ஆரத்தின் அகலத்தில் இருக்கின்றன. பத்து வெள்ளி ஆரங்களுக்கு மேல் இரண்டு வெள்ளி முட்களைத் தேடுவது, அதுவும் ஆரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கும்போது, கண்ணுக்கு வைத்த சோதனை. நண்பகல் வெயிலில் எல்லாமே மின்னுவதால் எதுவும் தெரியாது. மாலை மங்கலில் எல்லாமே சாம்பலாகிவிடுவதால் அப்போதும் தெரியாது. ஒளிரும் பூச்சு கிடையாது. மணிகளைக் குறிக்க எண்களுக்குப் பதிலாக டயரின் மேல் வெட்டிய வரிகளைப் போன்ற பன்னிரண்டு கோடுகள் இருக்கின்றன, அவற்றில் பன்னிரண்டு மணிக்குரியது மட்டுமே சின்னத்தால் வேறுபடுகிறது.

வெளி வளையத்தில் 60 முதல் 400 வரை எண்களைச் சுற்றிலும் அச்சிட்டிருப்பது இன்னொரு கூத்து. அது டாக்கிமீட்டர் அளவுகோல். நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது வினாடி முள்ளை ஓடவிட்டு, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் நிற்கும் இடத்தில் உள்ள எண்ணே வண்டியின் மணி வேகம். 3600 ஐ, ஓடிய வினாடிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் கணக்கை வளையமே செய்துவிடுகிறது, 30 வினாடி ஆனால் 120 கிலோமீட்டர், 45 வினாடி ஆனால் 80. வேகமானி நம்பகமில்லாத காலத்துப் பந்தயக்காரர்களுக்கும் துணை ஓட்டுநர்களுக்கும் இது உண்மையாகவே பயன்பட்டது. அதைப் பயன்படுத்த, வேண்டும்போது ஓட்டி நிறுத்தக்கூடிய வினாடி முள் ஒன்றாவது வேண்டும். என் கடிகாரத்தில் வினாடி முள்ளே இல்லை. கூட்டின் வலப்பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, அழுத்தினால் அமுங்குவதில்லை, வார்ப்பிலேயே கூட்டோடு ஒட்டிப் பிறந்தவை.

கார்களிடமிருந்து கடிகாரங்கள் கடன் வாங்குவது புதிதல்ல, ஆனால் எதைக் கடன் வாங்குவது என்பதில் வேறுபாடு உண்டு. ஹோயர் நிறுவனம் 1933 இல் கார்களின் டாஷ்போர்டில் பொருத்துவதற்காகச் செய்த நேர அளவிக்கு, ஆட்டோமொபைல், ஏவியேஷன் என்ற இரு சொற்களின் தலைகளை ஒட்டி ஆட்டேவியா என்று பெயரிட்டது. 1962 இல் அதே பெயர் கைக்கடிகாரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே மெக்சிகோவின் பழைய சாலைப் பந்தயத்தின் பெயரில் கரேரா வெளிவந்தது. அவற்றில் கார் சின்னம் எதுவும் கிடையாது, ஓட்டுநருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்ற தேவை மட்டுமே இருந்தது. போர்ஷே 911 காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே, 1972 இல் தன் சொந்த வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரில் முழுக் கறுப்புக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, காரின் டாஷ்போர்டு மானிகளில் கண்கூச்சத்தைத் தவிர்க்கக் கையாளப்பட்ட கறுப்புப் பின்னணியையும் வெள்ளை எழுத்தையும் அப்படியே கைக்கு மாற்றினார். பார்மிஜியானி நிறுவனம் 2004 இல் புகாட்டிக்காகச் செய்த டைப் 370 இல் இயந்திரத்தையே குறுக்குவாட்டில் படுக்க வைத்து, டயலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே மணி பார்க்கும்படி அமைத்தது. இவையெல்லாம் காரின் பயனைக் கடன் வாங்கியவை.

வெளித்தோற்றத்தைக் கடன் வாங்கியவையும் மரியாதைக்குரிய நிறுவனங்களிலிருந்தே வந்திருக்கின்றன. 1960 களின் டிசோ பிஆர் 516 இன் பட்டையில் அன்றைய பந்தயக் கார் ஸ்டீயரிங்கின் ஆரங்களைப் போலப் பெரிய துளைகள் உண்டு. ஷோபார்டின் மிலே மிலியா கடிகாரங்களின் ரப்பர் பட்டையில் 1960 களின் டன்லப் பந்தய டயரின் வெட்டுவரி வடிவம் அப்படியே பதிந்திருக்கும். வேடிக்கையின் உச்சம் ஜேக்கப் அண்ட் கோ 2020 இல் வெளியிட்ட புகாட்டி சிரோன் டூர்பியோன்: பொத்தானை அழுத்தினால், பதினாறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் நுண்ணுரு கண்ணாடிக்குள் உயிர்பெற்று, கிராங்க் தண்டு சுழல, பிஸ்டன்கள் ஏறி இறங்கும். அதன் அறிமுக விலை 2,80,000 டாலர். அந்தப் பிஸ்டன்கள் நேரத்தைக் காட்டுவதற்கு எள்ளளவும் உதவுவதில்லை, என் கடிகாரத்தின் வீலைப் போலவே. செய்நேர்த்தியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது என்றாலும், காரின் பெயரைவிடக் காரின் அசைவைக் கையில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பது என் கட்சி. உரிமம் பெற்று, டயலில் கார் சின்னத்தை மட்டும் அச்சடித்து, மற்றபடி சாதாரணக் கடிகாரமாக விற்கப்படும் எத்தனையோ நினைவுப் பொருள்களைவிட இந்தப் போலியில் எனக்குச் சுவை அதிகம் தட்டுப்படுவது இதனால்தான்.

அப்படியானால் அந்தச் சின்னம் இங்கே என்ன செய்கிறது? உண்மையான சக்கரத்தில் சின்னத்தின் இடம் நட்டநடு மையம். கடிகாரத்தில் மையத்தை முட்களின் அச்சு பிடித்துக்கொண்டதால், சின்னத்தைப் பன்னிரண்டு மணிக்குத் துரத்திவிட்டார்கள். அங்கே அது வீலோடு சுழலாமல், எதனோடும் சேராமல், ஒட்டிய ஸ்டிக்கர் போல நிற்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் மையத்தில் உள்ள இரட்டை ஆர் எழுத்துகள் மட்டும் அடியில் வைத்த எடையின் உதவியால் நிமிர்ந்தே நிற்கும். அதைப் போன்ற ஒரு குறும்பு இந்தக் கடிகாரத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். மேலும், இந்தப் பிரதியில் வட்டத்தின் நீல வெள்ளைக் கால்பங்குகள் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. 1917 இல் பதிவான அந்தச் சின்னத்தின் நிறங்கள் பவேரியா மாநிலத்தினுடையவை. மாநில இலச்சினையை வணிகக் குறியில் அப்படியே பயன்படுத்தக் கூடாது என்ற அன்றைய சட்டத்தால்தான் நிறங்களின் வரிசையை மாற்றி வைத்தார்கள். அந்தச் சின்னம் விமானச் சுழலியை (ப்ரொப்பெல்லர்) குறிக்கிறது என்று இன்றும் பலர் நம்பும் கதை, 1929 ஆம் ஆண்டு விளம்பரப் படம் ஒன்றில் சுழலியின்மீது சின்னத்தைப் பொருத்தி வரைந்ததிலிருந்து வளர்ந்தது. இத்தனை வரலாறுள்ள ஒன்றை அனுமதியில்லாமல் எடுத்துப் போடுவது 1999 ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி நம் நாட்டிலும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வடிவமைப்பாகப் பார்த்தாலும் வீலுக்குச் சின்னம் தேவையே இல்லை. அது எந்தக் காரின் வீல் என்று பார்ப்பவர் தம் மனத்தில் நிரப்பிக்கொள்வார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில், எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். பின்மூடியில் ஆங்கிலத்தில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். “பின்மூடி மட்டுந்தான் ஸ்டீலுங்க தம்பி, அதைத்தான் பெருமையா எழுதியிருக்கறான்” என்றார். கூடு, துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசப்பட்டது. காந்தம் வைத்துச் சோதித்தால் எஃகா இல்லையா என்று தெரிந்துவிடும் எனச் சிலர் சொல்வார்கள். கடிகாரக் கூடுகளுக்குப் பயன்படும் 316எல் எஃகும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. முலாம் தேயும் இடத்தைப் பார்ப்பதே உறுதியான வழி. பட்டை சேரும் கொம்புகளின் உள்விளிம்பில் என்னுடையதில் ஏற்கனவே செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது.

மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தபோது, பெரிய கூட்டின் நடுவே, அகலமான வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்துக்குள் கட்டைவிரல் நகத்தளவு மெஷின் ஒன்று இருந்தது. டயலின் கீழ்விளிம்பில் ‘ஜப்பான் மூவ்மென்ட்’, அதாவது ஜப்பான் மெஷின், என்று அச்சிட்டிருந்தாலும், மெஷின்மேல் எந்தப் பெயரும் இல்லை. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 2035 போன்ற உண்மையான ஜப்பானிய மெஷினாக இருந்தால் அதன்மேல் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும், மாதத்துக்கு 20 வினாடிக்குள்தான் கூடவோ குறையவோ செய்யும். இது மாதம் ஒரு நிமிடத்துக்கும் மேல் பிந்துகிறது. “கெட்டா மெஷினையே தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தறதுதானுங்க, பிரிச்சு ரிப்பேர் பண்றதெல்லாம் இதுல கெடையாது” என்றார் பெரியவர். பிறகு, நான் கேட்காமலே, லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வீலை விரலால் சுழற்றிச் சுழற்றிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டை கறுப்புப் பூச்சுள்ள கம்பிவலை. நம் ஊர் வியர்வைக்கு வலைப்பட்டை நல்லதுதான், காற்று போகும். ஆனால் இதன் நகரும் கொக்கி ரோமத்தைப் பிடித்து இழுக்கிறது, பூச்சும் கொக்கியைச் சுற்றி வெளுத்துவிட்டது. 30 மீட்டர் நீர்த்தடுப்பு என்று பின்மூடி சொல்வதை நம்பி யாரும் இதோடு குளத்தில் இறங்க வேண்டாம். நல்ல கடிகாரத்திலேயே அந்த எண் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத்தான் குறிக்கும், இங்கே மூடியின் உட்புறம் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் நூலைப் போல மெலிந்து கிடந்தது. கண்ணாடியைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை, பட்டை வெளுத்த பிறகும் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மணி தெரியாத குறைக்குப் பெரியவரே ஒரு வழி செய்து கொடுத்தார். இரண்டு முட்களையும் கழற்றி, அடர்ந்த ஆரஞ்சு வண்ணத்தை மெல்லிய தூரிகையால் பூசி, உலர்த்தி மீண்டும் பொருத்தினார். வேகமானி முள்ளின் நிறம் வந்த பிறகு வீல் எங்கே நின்றாலும் மணி பளிச்சென்று தெரிகிறது. தொழிற்சாலையில் இதைச் செய்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது என்று நினைக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

வாங்க நினைப்பவர்கள் சின்னம் இல்லாத வகையைத் தேடுங்கள், அதுவும் அதே கடைகளில் அதே விலைக்குக் கிடைக்கிறது. முட்கள் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு ஆகிய நிறங்களில் ஒன்றாக இருப்பதைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கோ, கார்ப் பைத்தியம் பிடித்த நண்பருக்கோ பிறந்தநாள் பரிசாகத் தாராளமாகக் கொடுக்கலாம். தினமும் நேரம் பார்த்து வேலை செய்பவருக்கு இது ஒரே கடிகாரமாக இருக்கக் கூடாது. செல் தீர்ந்தால் 626 எண்ணுள்ள செல்தான் போட வேண்டும். அதிலும் எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு செல்லைக் கேட்டு வாங்குங்கள். எல்ஆர் என்று தொடங்கும் ஆல்கலைன் செல் விலை குறைவு, ஆனால் தீர்ந்தபின் கசிந்து மெஷினை அரித்துவிடும். இந்த மெஷினுக்கு அந்த அரிப்பைத் தாங்கும் தெம்பு கிடையாது.